ஒழுகும் இடம் வேறு, வளையின் வாய் வேறு

கடையத்தில் ராமநதித் தண்ணீர் பாயும் வயல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பில் நண்டு வளை விழுந்தால், தண்ணீர் ஒழுகும் வெளிப்பக்கத்தில் எத்தனை கூடை மண் கொட்டினாலும் நிற்காது. உட்பக்கம் கையை விட்டுத் துழாவி, வளையின் வாயைக் கண்டு மிதித்து அடைக்க வேண்டும். இணையதளத்தில் திருட்டு இணைப்புகள் முளைத்தாலும் இதே வைத்தியம்தான்.

இப்படித் திருடர்கள் புகுந்த தளத்தை, முகவரியைத் தட்டி உரிமையாளர் திறந்தால் தளம் பழுதில்லாமல் தெரியும். கூகுளில் தேடி வருகிறவருக்கோ சூதாட்டப் பக்கம் திறக்கும். வருவது யார் என்று பார்த்து ஆளுக்கொரு முகம் காட்டும்படி நிரலை எழுதியிருப்பார்கள். சில தளங்களின் பெயரில் ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்கள் கிளம்புவதும் உண்டு.

சின்னத் தளத்தில் இந்தத் திருடர்களுக்கு என்ன லாபம்? ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பைக் கூகுள் சிபாரிசாக எடுத்துக்கொள்கிறது. அந்த நற்பெயரைத்தான் திருடுகிறார்கள். அரசு முகவரி என்றால் மதிப்பு இன்னும் அதிகம். 2024 மே மாதம், இந்திய அரசுத் தளங்களின் சுமார் நான்கு டஜன் இணைப்புகள் பந்தயத் தளங்களுக்கு ஆள் அனுப்புவதை டெக்கிரஞ்ச் செய்தித்தளம் கண்டுபிடித்தது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கும் தகவல் போனது. ஆனாலும் 2025 ஜனவரியில் இப்படி 90-க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருப்பதாக அதே தளம் மறுபடி எழுதியது.

உங்கள் தளத்தைச் சோதிக்க, கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் தளத்தை அப்படியே நகலெடுத்து வையுங்கள்; தடயம் அதில்தான் இருக்கும். பிறகு திருடன் நுழைந்த வாயைத் தேடுங்கள். வேர்ட்பிரஸ் தளமானால் பெரும்பாலும் புதுப்பிக்காத பிளகின், ஓசியில் கிடைத்த திருட்டுத் தீம், எளிதில் ஊகிக்கும் கடவுச்சொல் ஆகியவையே வழி. முன்பின் தெரியாத அட்மின் கணக்கை நீக்குங்கள். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி கோப்பு கிடந்தால், அது திருடன் திரும்பி வர வைத்துப்போன சாவியாக இருக்கலாம். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக நிறுவி, ஹோஸ்டிங், டேட்டாபேஸ், அட்மின் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இணைப்புகளை மட்டும் அழித்தால் மறுநாளே முளைத்துவிடும்.

அதன்பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் மறுஆய்வு கேட்கலாம். நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவு.

வளையை அடைத்தவர் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சாயங்காலம் ஒரு நடை வந்து வரப்பின் வெளிப்பக்கம் ஈரமா என்று தொட்டுப் பார்ப்பார். பத்து நாள் கழித்து அதே ‘சைட்’ தேடலை நீங்களும் மறுபடி செய்து பாருங்கள்.