மார்கழியில் வீடு விற்றல்

வடலூர், சிதம்பரம் பக்கங்களில் மார்கழியில் வீட்டுக்கு முன்பணம் வாங்கவும் கிரயப் பத்திரம் பதியவும் பலர் தயங்குகிறார்கள். ஆனால் வீட்டைக் காட்டுவதற்கு இதைவிட நேர்மையான மாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம். சுவரின் ஓதம், கூரைக் கசிவு, வாசலில் தண்ணீர் தேங்கிய தடம் எல்லாம் அப்படியே தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் தாங்கிய கடலூர் மாவட்டத்தில், வாங்குபவர் அவசியம் பார்க்க வேண்டியவை இவை. விற்பவர் மறைக்கக் கூடாதவையும் இவையே.

ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் திரும்பும் பங்காளிகளிடம் கூட்டுச் சொத்துக்கான ஒப்புதலைப் பேசி முடிக்கலாம். வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது ஆகியவற்றையும் அதற்குள் எடுத்து வைத்தால், தை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலக நெரிசலிலும் பதிவு தடைபடாது. முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழக்கமாக வாங்குபவர் செலவு.