நிலாவில் ஓடிய வண்டிக்கு டிரைவர் யார்?



2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அதற்கு முன் தென்துருவத்துக்கு அவ்வளவு பக்கத்தில் எந்த நாடும் பத்திரமாக இறங்கியதில்லை. விக்ரம் லேண்டருக்குள் இருந்து பிரக்யான் என்ற ரோவர் வண்டி வெளியே வந்தது. ஆறு சக்கரம். எடை 26 கிலோ, அதாவது அரை சிமெண்ட் மூட்டை. வேகம் வினாடிக்கு 1 செ.மீ. தான்!

இதை ஓட்டினது யாரு? ரிமோட் கார் மாதிரி ஓட்ட முடியாது. நிலா சுமார் 3,84,000 கி.மீ. தூரம். சிக்னல் போய் வரவே இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். அதனால் வண்டியில் இரண்டு கேமரா வைத்தார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், தூரம் பிடிபடாது. இரண்டு கண் இருந்தால்தான் பள்ளம் மேடு தெரியும். இரண்டு படத்தையும் வைத்து பெங்களூரு விஞ்ஞானிகள் மேடு பள்ள வரைபடம் தயாரித்து, போக வேண்டிய வழியைக் கட்டளையாக அனுப்புவார்கள். அதன்படி வண்டி தானே நகரும். ஆக, கண்ணும் காலும் அங்கே, மூளையில் பாதி இங்கே!

ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது. நம்ம ஊரில் மாட்டுவண்டி சாய்ந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அங்கே தூக்கிவிட யார் இருக்கா? விழுந்தால் எல்லாம் முடிந்தது. உடனே "திரும்பு" என்று கட்டளை போனது. வண்டி வந்த வழியே திரும்பி வேறு பாதையில் போனது.

மொத்தம் 100 மீட்டருக்கு மேல் ஓடி, மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டுபிடித்தது. நிலாவில் பகல் 14 நாள், இரவு 14 நாள். இரவில் தாங்க முடியாத குளிர். அதனால் பேட்டரியை நிரப்பி, செப்டம்பர் 2 அன்று தூங்க வைத்தார்கள். 22 அன்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஆனாலும் அது தோல்வி இல்லை. 14 நாள் வேலைக்காகத்தான் அதைச் செய்தார்கள்.

இந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர். நிலா மண் மாதிரி மண் செய்து சோதிக்க இஸ்ரோவுக்குக் கிடைத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை.

நம்ம மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்மன் வெட்டிய எழுத்து சுமார் 1,400 வருஷமாக இருக்கிறது. நிலாவில் காற்றும் மழையும் கிடையாது. பிரக்யானின் சக்கரத் தடம் அதைவிட அதிக நாள் இருக்கும். அடுத்து ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து தென்துருவத்தில் தண்ணீர் தேட ஒரு பெரிய ரோவர் அனுப்பத் திட்டமிட்டுள்ளன. அதற்கு வழி சொல்லும் மேசையில் நம்ம பள்ளிப் பிள்ளை ஒருத்தர் ஏன் உட்காரக் கூடாது? கணக்குப் பாடத்தை விடாமல் படிப்போம்!


9-ஆம் வகுப்பு மாணவி