சொந்த வண்டி – 9: மாசம் எவ்வளவு கட்டுவீங்க?

லோடு வண்டி பார்க்கப் போகிறவரை ஷோரூமில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, எந்த ஊர், என்ன சரக்கு ஏத்துறீங்க என்றெல்லாம் விசாரித்து முடித்ததும் சேல்ஸ் பையன் சாதாரணமாகக் கேட்பார்: “மாசம் எவ்வளவு கட்டுவீங்கண்ணே?”

அக்கறையான கேள்வி போலத்தான் இருக்கும். நம் ஆட்களும், “ஒரு பதிமூணாயிரம் வரைக்கும் பாக்கலாம் தம்பி” என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே பேரம் என்று ஒன்று நடக்காது. வண்டி விலை, வட்டி, இன்சூரன்ஸ், இதர சமாச்சாரம் எல்லாவற்றையும் அந்தப் பதிமூன்றாயிரத்துக்குள் அடைக்கிற வேலை மட்டும்தான் நடக்கும்.

எப்படி அடைக்கிறார்கள் என்று பாருங்கள். ஃப்ளாட் வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 13,000 ரூபாய் வீதம் நாலு வருடம் கட்டினால் சுமார் 4,72,000 ரூபாய் கடன் கிடைக்கும். அதையே ஐந்து வருடமாக நீட்டினால் 5,57,000 கிடைக்கும். தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, வாங்குகிறவருக்கும் மனசு உறுத்தவில்லை. ஆனால் வண்டிக் கணக்கில் 85,000 ரூபாய் ஏறிவிட்டது. கடனை அடைத்து முடிக்கும்போது கூடுதலாகக் கட்டியிருப்பது 1,56,000 ரூபாய். ‘மேல் மாடலே எடுத்துக்கங்கண்ணே, டியூ அதேதான்’ என்பதன் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான்.

மேல் மாடல் பற்றி இன்னொன்று. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்கிறது. கொஞ்சம் பெரிய வண்டிக்கு ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டினால், கூடவே பெர்மிட் செலவும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடையும் சேர்ந்துகொள்ளும். கொட்டேஷன் தாளில் இது இருக்காது. ஜி.வி.டபிள்யூ. என்கிற அந்த மொத்த எடை எவ்வளவு என்று நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

எந்தச் சரக்குக்கு எந்த வண்டி என்பதைப் போன வாரம் பார்த்துவிட்டோம். 2005-இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டியானை’ ஆனது, 2011-இல் ஓசூரிலிருந்து தோஸ்த் வந்தது, பொலேரோ பிக்கப் கிராமத்துச் சாலைகளைப் பிடித்தது என்ற கதையை எல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. வண்டி முடிவாகிவிட்டது, இனி பணம்தான் என்ற இடத்திலிருந்து தொடர்கிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றுகிற எங்கள் மாப்பிள்ளை ஒருவர் பிக்கப் எடுக்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர் நோட்டில் போட்ட கணக்கு, நான் பார்த்தவற்றிலேயே ஒழுங்கான கணக்கு. மாதம் இருபது நடை. டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி எல்லாம் போக நடைக்கு 1,500 நிற்கும். ஆக 30,000. அதில் டயர், சர்வீஸ், அடுத்த வருட இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகியவற்றுக்கு மாதாமாதம் 7,000 ஒதுக்கிவிட வேண்டும். வீட்டுக்கு 10,000. மீதி 13,000. இதுதான் கடன் தாங்கும் அளவு. நாலு வருடத்துக்கு மேல் கடன் வேண்டாம் என்று வீட்டில் ஏற்கெனவே உத்தரவு. பழைய வண்டியை விற்ற பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து கையில் 4 லட்சம். ஆகவே ரோட்டில் இறங்கும்போது வண்டிக்கு ஆகும் மொத்தச் செலவு 8,70,000-த்தைத் தாண்டக் கூடாது. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

டயருக்கு ஒதுக்கிய பணத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வண்டி எடுத்துத் தவணையில் மாட்டிக்கொண்டவர்களில் பலர் டீசல் கணக்கில் தவறுவதில்லை. முதல் செட் டயர் தேய்ந்து நிற்கிற மாதத்தில்தான் மாட்டுகிறார்கள்.

முதல் ஷோரூமில் அந்தக் கேள்வி வந்தது. மாப்பிள்ளை சொன்ன பதில்: “தவணையை அப்புறம் பேசலாம் தம்பி. நம்பர் பிளேட் மாட்டி, சாவி என் கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு? அதை மட்டும் எழுதிக் குடுங்க.” பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டி, தாளை எடுத்து நீட்டினார். 9,05,000. “அண்ணனுக்காக மேனேஜர்கிட்ட பேசி 15,000 குறைச்சுத் தர்றேன்” என்றார்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் பதினைந்தை இருபதாக்கப் போராடுவார்கள். ஒரு மணி நேரம் மன்றாடி, மேனேஜர் அறைக்கு இரண்டு தடவை போய்வந்து, கடைசியில் இருபதாயிரம் குறைத்துவிட்ட சந்தோஷத்தில் அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை தள்ளுபடியைத் தொடவே இல்லை. தாளின் அடிப்பாகத்துக்குப் போனார். இன்சூரன்ஸ் 42,000. ஆக்சஸரீஸ் 18,500. வாரண்டி நீட்டிப்பு 9,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. எக்ஸ்-ஷோரூம் விலையில் ஷோரூமுக்கு நிற்கும் லாபம் சின்னது. கம்பெனி கொடுத்த விலைக்குள்தான் அவர்கள் ஆட முடியும். தாராளமாக ஆட இடமிருப்பது இந்த அடிப்பாகத்தில். மேலே 15,000 விட்டுக்கொடுத்தவர்கள் கீழே அதைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பகுதி. தேர்ட் பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், வரி தனி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும். ஷோரூமில் அந்தத் தள்ளுபடி நம் கைக்கு முழுசாக வருவதில்லை. ‘எங்ககிட்டதான் எடுக்கணும், இல்லேன்னா டெலிவரி கிடையாது’ என்று சிலர் சொல்வார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை ஷோரூம் வாசலில் நின்றபடியே தெரிந்த ஏஜென்ட்டுக்கு போன் போட்டார். அதே மதிப்புக்கு 31,000 என்றார் அவர்.

மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கே பாய்ந்துவிடக் கூடாது. சரக்கு வண்டி பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்று ஒரு சேர்க்கை உண்டு. அது இல்லாவிட்டால் விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயின்ட் போன்றவற்றுக்குத் தனியாக அடிபட்டால் கிளெய்ம் கிடையாது. மார்க்கெட்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அடிபடுவது பெரும்பாலும் இவைதான். விலை குறைந்த பாலிசி என்று நீட்டப்படுவதில் இது உருவப்பட்டிருக்கும். இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியின் மதிப்பு ஒன்றா, ஐ.எம்.டி. 23 இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேசுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டால் கம்பெனி யார்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்த செலவு என்பார்கள். கடைக்குச் சரக்கு வந்த செலவைப் பில்லில் தனியாகப் போடுகிற மளிகைக்கடையை நான் பார்த்ததில்லை. அழுத்திக் கேட்டால் அந்த வரி அழிந்துவிடும். ஆக்சஸரீஸ் மேட்டும் சீட் கவரும்தான், அதுவும் வெளியே பாதி விலைக்கு வருகிறது.

‘இதுக்கு மேல குறைச்சா கம்பெனி எங்களுக்கு ஃபைன் போட்ருவாங்கண்ணே’ என்று ஒரு பாட்டு உண்டு. எப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தராதபடி தடுத்தது, வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பி வேவு பார்த்தது, மீறியவர்களிடம் அபராதம் வாங்கியது ஆகியவைதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அது கார் சந்தை விவகாரம். ஆனால் ‘கம்பெனி விடாது’ என்று சொல்வதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது அதில் தெரிகிறது. இப்படிச் சொல்கிறவரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். அதே கம்பெனியின் அடுத்த டீலரிடம் போய் முதல் தாளை மேஜையில் வையுங்கள். மாநிலத்துக்குள் எங்கே வாங்கினாலும் நம் ஊரிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

மாப்பிள்ளை போன இரண்டாவது ஷோரூமில் மூன்று மாதமாக ஒரு வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. டீலர் வண்டியைக் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருப்பார், நிற்கிற நாளுக்கெல்லாம் வட்டி ஓடும். மாதக் கடைசி வேறு, டார்கெட்டுக்கு இன்னும் சில வண்டிகள் பாக்கி. 22,000 விலையிலேயே குறைந்தது. இன்சூரன்ஸ் வெளியே எடுத்ததில் 11,000, ஆக்சஸரீஸும் ஹேண்ட்லிங்கும் அடிபட்டதில் 25,000. முதல் ஷோரூமின் 9,05,000 இங்கே 8,47,000-த்தில் வந்து நின்றது. வாரண்டி நீட்டிப்பை அவர் வெட்டவில்லை, அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. வட்டம் போட்ட எண்ணுக்குள் 23,000 மிச்சம், படுதாவுக்கும் கம்பிக் கூண்டுக்கும்.

வரிக் குறைப்பைத் தள்ளுபடி என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய விலை 9 லட்சமாக இருந்த வண்டியில் இதனால் மட்டுமே சுமார் 70,000 குறைய வேண்டும். அது அரசு விட்டுக்கொடுத்தது, ஷோரூம் கொடுத்ததல்ல. ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் ஹார்டுவேர் கடைக்காரர் போன்றவர்கள் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பில் கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும். காய்கறி வியாபாரிக்கு அந்த வழி இல்லை.

விலை முடிந்த பிறகுதான் கடன். லாரிக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் தமிழ்நாடு பழுத்த ஊர். சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் 1954-இல் தொடங்கியது, ஸ்ரீராம் குழுமம் 1974-இல். ஆகவே ஷோரூம் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரே பைனான்ஸ்காரரிடம் சிக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கணக்கு வைத்திருக்கும் வங்கியையும் கேளுங்கள். கேட்கும்போது ஃப்ளாட் வட்டியை வைத்து ஒப்பிடாதீர்கள். வங்கி 11 சதவீதம் என்கிறது, இவர் 8 என்கிறார், அப்போது இவர்தானே மலிவு என்று தோன்றும். ஃப்ளாட்டில் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி ஓடும். நாலு வருடக் கடனுக்கு 8 சதவீத ஃப்ளாட் என்பது, குறையும் அசல் கணக்கில் 14 சதவீதத்துக்கும் மேல். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் தருகிற கடனுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கே.எஃப்.எஸ். என்பார்கள். அந்தத் தாளில் ஏ.பி.ஆர். என்று இருக்கும் எண்ணைத்தான் ஒருவருக்கொருவர் ஒப்பிட வேண்டும். பிராசசிங் சார்ஜும் கடனோடு ஒட்டிவிட்ட ஆயுள் காப்பீடும் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

டெலிவரி அன்று பூஜை, மாலை, எலுமிச்சை எல்லாம் தயாராக இருக்கும்போது காகிதம் பார்ப்பது சங்கடமாகத்தான் இருக்கும், பார்த்துவிடுங்கள். சேல் சர்டிஃபிகேட் என்ற ஃபார்ம் 21-இல் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். போன வருட வண்டியாக இருந்தால் அது விலை பேசும்போதே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ் நம்பரை வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். பேசிய தள்ளுபடி டாக்ஸ் இன்வாய்ஸிலேயே கழிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘அப்புறம் அக்கவுன்ட்ல போட்டுவிடுறோம்’ என்றால் சாவியை வாங்காதீர்கள். பணம் ஷோரூமின் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போக வேண்டும், சேல்ஸ் பையனின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. சாவி இரண்டு.

(அடுத்த வாரம்: பாடி, படுதா, பட்டை – எதைக் கூட்டலாம், எது எஃப்.சி.யில் மாட்டும்)