கிட்டாருக்குக் குரல் கொடுக்கும் வால்வுப் பெட்டி

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மின்சாரக் கிட்டார் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிட்டாரின் தந்தியை வெறுமனே மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. திடல் முழுவதும் கேட்கச் செய்வது ஆம்ப்ளிஃபையர் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டிதான். அதிலே வால்வு வைத்த பழைய பெட்டிகளுக்கு இன்றும் நல்ல கிராக்கி இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலரும் அதற்காகப் பணம் சேர்க்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பழைய வால்வு ரேடியோ பெரியவர்களுக்கு நினைவிருக்கும். திருகியவுடன் பாடாது, சற்று நேரம் சூடேறிய பிறகுதான் பாடும். இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த வாக்ஸ் ஏசி 30 என்ற பெட்டியை உதாரணமாகக் கொள்வோம். 'தி ஷேடோஸ்' என்ற குழுவினர் அதைப் புகழ்பெறச் செய்தார்கள். அக்குழு 1961இல் கிளிஃப் ரிச்சர்டுடன் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தது. அதன் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிட்டார்க் குழுக்கள் பெருகின. 'பாப் யே யே' என்று சொல்லப்பட்ட இசை அந்தக் காலத்தில் வளர்ந்ததுதான்.

கிட்டாரின் இரும்புத் தந்திகளுக்குக் கீழே, மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய காந்தம் இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்தக் கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அது ஒலிபெருக்கியை அசைக்கப் போதாது. அதைப் பெரிதாக்குவதுதான் வால்வின் வேலை.

வால்வு என்பது காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு தகடு சூடேறும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிர்த்தகட்டை நோக்கி ஓடும். இடையிலே ஒரு கம்பி வலை இருக்கும். கிட்டாரிலிருந்து வரும் சிறு மின்சாரம் அந்த வலைக்குச் செல்கிறது. தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் இரண்டு விரல்கள் போதுமல்லவா? விரல்களின் வேலையை அந்த வலை செய்கிறது. சிறிய மின்சாரம் பெரிய மின்சாரத்தை ஆட்டிவைக்கிறது.

1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அது சிறியது, மலிவானது, சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கிட்டார் வாசிப்பவர்கள் ஏன் வால்வைத் தேடுகிறார்கள்? டிரான்சிஸ்டர் தன் எல்லையை மீறும்போது ஓசையைச் சட்டென்று வெட்டிவிடும், காதுக்குக் கரகரக்கும். வால்வோ எல்லையை நெருங்கும்போது ஓசையைச் சிறிது சிறிதாக அமுக்கும். மெதுவாக மீட்டினால் தெளிவாக ஒலிக்கும். அழுத்தி மீட்டினால் தொண்டை கம்மிய பாடகரைப் போல உறுமும். வாசிப்பவரின் கையழுத்தம் அப்படியே ஓசையில் தெரியும். ஆசை இதனால்தான்.

இனி ஆபத்தைச் சொல்ல வேண்டும். பெற்றோர்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஆகவே பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது.

இரண்டாவது, மண்ணுக்குச் செல்லும் எர்த் கம்பி. பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. கிட்டாரின் தந்தி அந்தப் பெட்டியோடு மின்தொடர்பு உடையது. ஒரு கை தந்தியில் இருக்க, மறு கையோ உதடோ ஒலிவாங்கியில் பட்டால், கோளாறுள்ள இணைப்பின் மின்சாரம் முழுவதும் உடல் வழியே பாயும். 1972இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். மழை பெய்த திடலில் மேடை போடும் நமக்கு இது பெரிய பாடம். மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாத பெட்டியை மேடையில் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, அமெரிக்காவில் விற்கச் செய்த பெட்டிகள் பல 110, 120 வோல்ட்டுக்கு உரியவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டார். பத்தே நிமிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. ஃபியூஸ் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றும் காவல்காரன். காவல்காரனை ஏமாற்றினால் வீடு பறிபோகும்.

ஒலிபெருக்கியை இணைக்காமல் பெட்டியை இயக்குவதும் கூடாது. அதனாலும் டிரான்ஸ்ஃபார்மர் கெடும்.

விலையைப் பேசும்போது பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அறுபது வயதான பெட்டியில் மின்தேக்கிகள் வறண்டிருக்கும். வால்வுகள் தேய்ந்திருக்கும், ஆனால் சுலோவாக்கியா முதலிய நாடுகளில் இன்றும் புதியவை செய்கிறார்கள். வாங்குமுன் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். 30 வாட் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் லயத்து வீட்டில், விடியுமுன் பால் வெட்டப் போக வேண்டிய அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்க அது தாராளமாகப் போதும். பழகுவதற்குச் சிறிய பெட்டியே நல்லது.

கடைசியாக ஒன்று. பிள்ளை இந்தப் பெட்டியைப் பற்றி ஓயாமல் கேட்டால், "இது எதற்கு உதவும்?" என்று அதட்டாதீர்கள். வால்வைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். அந்த ஆர்வத்தைத் தொழிற்பயிற்சிப் பள்ளியின் மின்னியல் வகுப்புக்குத் திருப்பிவிடுங்கள். பாட்டும் வரும், பிழைப்புக்கு ஒரு தொழிலும் கைவரும்.