குறைந்த செலவில் முதல் கோட் சூட்

நேர்முகத் தேர்வு, திருமண வரவேற்பு, அலுவலகக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் ஒரே கோட் சூட் என்றால், அது கருநீலத்திலோ கரும் சாம்பல் நிறத்திலோ இருப்பது நல்லது. கட்டமோ கோடோ இல்லாத துணி, ஒற்றை வரிசையில் இரண்டு பொத்தான்கள்: இந்த அமைப்பு எளிதில் பழையதாகத் தெரியாது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது தோள்பட்டை. கோட்டின் தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். தோளைப் பிரித்துத் தைப்பது கடினம், கூலியும் அதிகம். இடுப்பு, கை நீளம், பேண்ட் உயரம் ஆகியவற்றைத் தையற்காரர் சுலபமாகச் சரிசெய்துவிடுவார். கை நீளம் சரியாக இருந்தால், சட்டைக் கையின் ஓரம் ஏறத்தாழ 1 செ.மீ. வெளியே தெரியும். இந்தத் திருத்தக் கூலிக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும்.

வெப்பமான ஊர்களில் முழு பாலியஸ்டர் துணி புழுக்கம் தரும். கம்பளி கலந்த மெல்லிய துணி காற்றோட்டமானது. கசங்கினாலும் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

புதிய கோட்டின் பின்புறப் பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு நூல் தைத்திருக்கும். கடைக்கு வந்து சேரும்வரை துணி மடங்காமலிருக்கப் போட்ட தையல் அது. உடுத்துமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும். கீழ்ப் பொத்தானைப் போடாமல் விடுவது மரபு.

கோட்டைவிடப் பேண்ட்தான் சீக்கிரம் தேயும். பணம் மிச்சமிருந்தால், விலையுயர்ந்த டையைவிட அதே துணியில் இரண்டாவது பேண்ட் வாங்குவதே பயன் தரும். அணிந்தபின் அகலமான ஹேங்கரில் காற்றாட மாட்டி, தேவைப்படும்போது மட்டும் டிரை கிளீனிங் கொடுத்தால், கோட் சூட் பல ஆண்டுகள் உழைக்கும்.