நாகேஷ்: நினைவில் நின்ற காட்சிகளும் மதிப்புப் பெறாத பாத்திரங்களும்

தமிழ்த் திரையுலகின் தலைசிறந்த நகைச்சுவை நடிகர்களில் ஒருவரான நாகேஷ் காலமானது 2009ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி. ஆண்டுகள் பல கடந்த பின்னரும், அவர் ஏற்ற வேடங்களில் உரிய மதிப்பைப் பெறாதது எது என்ற விவாதம் அவரது ரசிகர்களிடையே ஓய்ந்துவிடவில்லை.

சென்னையில் மட்டுமன்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒனிஹங்கா போன்ற புறநகர்களில் தமிழர்கள் கூடிப் பேசும் இடங்களிலும் இக்கேள்வி எழக்கூடியதே. தாயகம் எதுவாயினும், புலம்பெயர்ந்த தமிழர்களுக்குப் பழைய திரைப்படங்கள் ஒரு பொது நினைவாக இருப்பது இதற்குக் காரணம்.

வேடிக்கையான விவாதம் போலத் தோன்றினாலும், ஒரு நகைச்சுவை நடிகரின் பங்களிப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வினா இதன் பின்னணியில் இருக்கிறது.

துண்டுக் காட்சிகள்

நாகேஷ் என்றதும் பெரும்பாலானோர் குறிப்பிடுவது மூன்று பாத்திரங்களை. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் டி.எஸ்.பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் செல்லப்பா, 'திருவிளையாடல்' (1965) படத்தின் ஏழைப் புலவர் தருமி, 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் வைத்தி ஆகியவையே அவை.

இவற்றின் புகழ்பெற்ற காட்சிகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. முழுப் படத்தையும் பார்க்காதவர்களும் அவற்றைத் தனியாகப் பார்த்து ரசிக்க முடியும். ஆதித்யா போன்று நகைச்சுவைக்கென்றே இயங்கும் தொலைக்காட்சி அலைவரிசைகளும், இணையத்தில் பரவும் காணொளிகளும் இத்தகைய காட்சிகளையே திரும்பத் திரும்ப ஒளிபரப்புகின்றன.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1957இல் மறைந்த என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரத்துடன் இணைந்து நடித்த நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே உருவாக்கிப் பல படங்களில் இணைத்தார். மூலக்கதையும் நகைச்சுவையும் தனித்தனியாக ஓடும் இந்த முறை தமிழ் சினிமாவில் வேரூன்றியது. கதையிலிருந்து பிரித்தெடுக்கக் கூடிய நடிகராக நகைச்சுவை நடிகர் பார்க்கப்பட்டதற்கு இதுவே அடித்தளம்.

பிரிக்க முடியாத வேடங்கள்

ரயில்வே ஊழியராக இருந்து மேடை நாடகத்தின் வழியே திரைக்கு வந்தவர் நாகேஷ். அதேபோல் அரசு அலுவலகப் பணியில் இருந்தவாறே நாடகங்கள் எழுதியவர் கே.பாலசந்தர். இவர்களது கூட்டணி அந்தப் பழைய பிரிவினையைத் தகர்த்தது.

பாலசந்தரின் நாடகத்திலிருந்து உருவான 'சர்வர் சுந்தரம்' (1964) நாகேஷைக் கதையின் நாயகனாக்கியது. பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி' (1965) படத்தில், மருத்துவமனையில் அனைவரையும் சிரிக்க வைக்கும் நோயாளி சேதுவாக அவர் நடித்தார். 'எதிர்நீச்சல்' (1968) படத்தில், பலருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கும் அநாதை இளைஞன் மாது.

எழுத்தாளர் ஜெயகாந்தன் தமது கதையைத் தாமே இயக்கிய 'யாருக்காக அழுதான்' (1966) இவற்றைவிடவும் குறைவாகப் பேசப்படும் படம். செய்யாத திருட்டுக்காகப் பழி சுமக்கும் விடுதிப் பணியாளர் ஜோசப்பாக நாகேஷ் அதில் தோன்றினார். வேகமான பேச்சுக்கும் துள்ளும் உடலுக்கும் பெயர் பெற்ற ஒருவர், அவ்விரண்டையும் அடக்கிக்கொண்டு நடித்த வேடம் அது.

பிற்காலத்திலும் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய இரு படங்கள் அவரது வீச்சைக் காட்டின. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் கொடிய வில்லனாக வந்தவர், 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் சடலமாகவே நடித்துச் சிரிக்க வைத்தார்.

மதிப்புப் பெறாத வேடங்கள் என்ற பட்டியலில் இடம்பெறத் தகுதியான இப்பாத்திரங்களில் பெரும்பாலானவற்றை இரண்டு நிமிடக் காணொளியாக வெட்டியெடுக்க இயலாது. சேதுவின் நகைச்சுவைக்குக் கனம் தருவது அவரது நோய். ஜோசப்பின் மௌனத்துக்குப் பொருள் தருவது முழுக்கதை. அவை குறைவாக நினைவுகூரப்படுவதற்கு நடிப்பில் குறை காரணமல்ல. அவை துண்டாகப் பயணிக்க மறுக்கின்றன என்பதே காரணம்.

அங்கீகாரம்

அரசு அங்கீகாரத்திலும் இதே போக்கைக் காண முடிகிறது. நாகேஷுக்குத் தேசியத் திரைப்பட விருது கிடைத்தது ஒருமுறைதான். 'நம்மவர்' (1994) படத்தில் மகளைப் பறிகொடுக்கும் தந்தையாக நடித்தமைக்காக, சிறந்த துணை நடிகர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. சிரிக்க வைத்தபோது கிடைக்காத விருது, அழ வைத்தபோது கிடைத்தது.

பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. மனோரமாவுக்கு 2002இலும், விவேக்குக்கு 2009இலும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. விவேக்கின் பெயர் இடம்பெற்ற பட்டியல் வெளியாகி ஒரு வாரத்துக்குள் நாகேஷ் காலமானார்.

நியூசிலாந்திலும் இதற்கு ஒப்பான ஒருவர் உண்டு. 1991இல் மறைந்த மாவோரி நகைச்சுவைக் கலைஞர் பில்லி டி. ஜேம்ஸ், 'கேம் எ ஹாட் ஃப்ரைடே' (1985) போன்ற திரைப்படங்களில் நடித்திருந்தபோதிலும், தொலைக்காட்சிக் குறுநாடகங்களுக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் அந்நாட்டில் வளரும் நகைச்சுவைக் கலைஞர்களுக்கான விருது ஒன்று அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

அதேவேளை, துண்டுக் காட்சிகளை முற்றிலும் குறைகூறவும் முடியாது. தருமியின் புலம்பல் தொடர்ந்து ஒளிபரப்பாகியிராவிட்டால், அவர் மறைந்த பின் அந்நிய மண்ணில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாகேஷ் என்ற பெயரே தெரியாமல் போயிருக்கலாம்.

ஆனால் அது ஓர் அறிமுகம் மட்டுமே. தருமியைப் பார்த்துச் சிரித்த பிள்ளைக்கு, அடுத்து 'எதிர்நீச்சல்' அல்லது 'நீர்க்குமிழி' படத்தை முதலிலிருந்து இறுதிவரை காட்டும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே நாகேஷின் இடம் அடுத்த தலைமுறையில் அமையும். சிரிக்க வைத்தவராக மட்டும் நினைக்கப்படுவாரா, நடிகராகவும் நினைக்கப்படுவாரா என்பதை இனித் தீர்மானிக்கப் போவது விருதுக் குழுக்கள் அல்ல, பார்வையாளர்களே.