ஏசி ரூம்ல இருந்த தெர்மாமீட்டர் காய்ச்சலைச் சரியா காட்டுமா?

ஏசி அறையில் இருந்த நெற்றி தெர்மாமீட்டரை எடுத்துட்டு வந்து, ஹாலில் படுத்திருக்கும் குழந்தையின் நெற்றியில் உடனே காட்டுறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

நெற்றியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, தன் சென்சாரின் வெப்பத்தோடு சேர்த்துத்தான் அது கணக்குப் போடுது. இடம் மாறினதும் சென்சாரின் வெப்பமும் மாறிக்கிட்டே இருக்கும், கணக்கு தப்பும். கருவி கெட்டுப்போகலை, அறைக்குப் பழகலை. அவ்வளவுதான்.

குழந்தை இருக்கும் அறையிலேயே அதை 10 முதல் 30 நிமிடங்கள் வைங்க. நெற்றி வியர்வையைத் துடைச்சுட்டு, சில நிமிடங்கள் கழிச்சு அளந்து பாருங்க. சந்தேகமா இருந்தா, சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் ஒருமுறை சரிபாருங்க.

முக்கியமா, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ காட்டினா, திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட கிளம்பிடுங்க.